கராச்சியிலிருந்து மயிலாடுதுறைக்கு

வெளியுறவுப் பணியை விட்டு அரசியலுக்கு வருபவர்களில் சிலர் மாநிலங்களவை வழியாக நுழைகிறார்கள். 2019-இல் முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜெய்சங்கர் குஜராத்திலிருந்து அப்படித்தான் வந்தார். காங்கிரஸின் மணிசங்கர் ஐயர் வேறு வழியில் போனவர். 1978 முதல் 1982 வரை கராச்சியில் இந்தியாவின் கான்சல் ஜெனரல். 1989-இல் வேலையை உதறிவிட்டு, 1991-இல் மயிலாடுதுறை மக்களிடம் நேரே ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். பிறகு இரண்டு முறை தோற்றார். 1999-லும் 2004-லும் மீண்டும் வென்றார். அவர் வாய் அவருக்கே பகையானது உண்மைதான். ஆனாலும் தோற்ற ஊருக்கே திரும்பிப் போய் நின்றவரை நான் மதிக்கிறேன்.

எங்கள் ஊரப்பாக்கம் ஊராட்சிக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2004-இல் மத்தியில் பஞ்சாயத்து ராஜுக்கென்று தனி அமைச்சகம் வந்தபோது அதன் முதல் அமைச்சர் அவரே. ஊராட்சிக்கு நிதி, அதிகாரம், ஆள் மூன்றும் சேர்ந்து வரவேண்டும் என்று விடாமல் வாதாடினார். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அடுக்குமாடிகள் எழும்பி, தெருத் தெருவாகத் தண்ணீர் லாரி வரும் இந்த ஊருக்கு அந்த வாதம் இன்றும் தேவை. 2021 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடியவில்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்கு அடுக்குமாடிக்காரர்களும் வாருங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள்.