படம் பிடிக்கும் உரிமை யாருக்கு?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி முள்ளியவளை ஊடாகவே போகின்றது. 2009இல் போர் முடிந்த பின்னர் தெற்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் இப்பக்கம் வரிசைகட்டின. 2006 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கடலில் கரைதட்டிய ஜோர்தானியச் சரக்குக் கப்பல் ஃபாரா 3 முன்னாலும், கைப்பற்றப்பட்ட கடற்புலிகளின் படகுகள் முன்னாலும் குடும்பம் குடும்பமாக நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். எவரும் தடுக்கவில்லை. பிடிக்கட்டும், எனக்கு அதில் கோபமில்லை.

ஆனால் 2021 நவம்பரில் முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படமெடுத்த உள்ளூர்ச் செய்தியாளர், முட்கம்பி சுற்றிய மட்டையால் இராணுவத்தினர் தம்மைத் தாக்கியதாக முறையிட்டார். இராணுவம் மறுத்தது. கப்பலையல்ல, முகாமையுமல்ல, ஓர் ஊரின் பெயரைத்தான் அவர் படமெடுத்தார்! சிதைந்த போர்க்கலம் காட்சிப்பொருளாம். ஊர்ப்பெயர் மட்டும் இராணுவ இரகசியமா?