சுரமானியும் எங்கள் வீட்டுப் பறையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் சன்னலோரமாகச் சுரமானி என்றொரு பெட்டி இருக்கிறது. கலைப்பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: நீண்ட மரப்பெட்டி; அதன்மேல் ஒரு கம்பி; கம்பியின் நுனியில் தொங்கும் எடைக்கற்கள். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின்மேல் ஊன்றினால், கம்பியின் நீளம் சரியாக அமையும்போது அதன்மேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அந்த நீளத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்தது.

பார்க்கப்போனால் அது ஒற்றைத் தந்தி வீணை. ஆனால் அதை மீட்டிப் பார்த்தவர் எங்கள் வகுப்பில் எத்தனை பேர்? கம்பியைப் பாதியாக்கினால் மேல் ச, மூன்றில் இரண்டாக்கினால் ப என்று தன் காதால் கேட்டறிந்தவர் யார்? மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து விடையை முதலில் எழுதி, அதற்கேற்ற அளவுகளைப் பின்னால் எழுதுகிற கலையில்தான் நாம் தேர்ந்திருக்கிறோம். (நானும் அவ்வாறு செய்ததுண்டு. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.)

சென்ற பருவத்துச் செய்முறைத் தேர்வில் தேர்வாளர் என்னிடம், "இழுவிசை கூடினால் அதிர்வெண் என்ன ஆகும்?" என்று கேட்டார். "இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்த்தகவில் கூடும், ஐயா" என்றேன். "நீ அன்றாடம் பார்க்கிற எடுத்துக்காட்டு ஒன்று சொல்லப்பா."

"வயலின், ஐயா."

வயலினை நான் தொட்டதுகூட இல்லை. என் அப்பா பறை அடிப்பவர். சாவு வீடானாலும் கோயில் திருவிழாவானாலும், அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைத் தீயில் காட்டி, ஓரத்தில் விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். சூட்டில் தோலின் ஈரம் போகும், தோல் இறுகும், குரல் ஏறும். அதிகம் காய்ந்தால் கிழிந்துவிடும். அந்த எல்லையை அவர் காதாலேயே அறிவார். தேர்வாளர் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை உண்டா? ஆனால் பறை என்ற ஒரு சொல்லிலேயே எங்கள் தெரு எந்தத் தெரு என்பது விளங்கிவிடும் என்று பயந்தேன். வயலின் என்றேன். தேர்வாளர் தலையசைத்து முழு மதிப்பெண் போட்டார்.

அந்த மதிப்பெண் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஒரு சோதனை செய்து பார்த்தேன். நான்கு செங்கல்லின்மேல் பறையைத் தோல் மேலே இருக்கும்படி வைத்தேன். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் பக்கத்துத் தெரு அண்ணனிடம் இரவல் வாங்கிய ஒலிபெருக்கியை அடியில் நுழைத்தேன். செல்பேசியிலிருந்து ஒரே சீரான ஒலியை அனுப்பி, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். தோலின்மேல் அம்மாவின் கோலத்து அரிசி மாவைத் தூவினேன். (அதற்கு வாங்கிய வசவு தனிக் கட்டுரை.) 1787-இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், மணல் தூவிய உலோகத் தகட்டின் ஓரத்தில் வில்லை இழுத்து அழகழகான உருவங்கள் தோன்றக் கண்டதைப் படித்திருந்தேன். மணல், அதிராத கணுக்களில் போய்ச் சேரும் என்பது பாடம். என் மாவோ நேர்மாறாக, அதிர்வு மிகுந்த நடுப்பகுதியில் குவிந்து நடுங்கிக்கொண்டு நின்றது!

மூன்று நாள் குழம்பினேன். பிறகு சலித்த ஆற்று மணலைத் தூவியபோது, அது ஒழுங்காகக் கணுக்களுக்கு ஓடி வட்டமிட்டது. இரண்டையும் கலந்து தூவினால் மாவு ஓரிடமும் மணல் ஓரிடமுமாகப் பிரிந்தன. காரணத்தை மைக்கேல் ஃபாரடே 1831-லேயே சொல்லியிருக்கிறார். அதிரும் பரப்பின் மேல் காற்றில் சிறு சுழல்கள் எழுகின்றன. நுண்ணிய தூளை அவை அதிர்வு மிகுந்த இடத்திற்கு இழுத்துச் செல்கின்றன. கனமான மணல் அவற்றுக்கு அசைவதில்லை. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே எனக்கு வந்திராது.

திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, பறையைத் தீயில் காட்டி மீண்டும் செங்கல்மேல் வைத்தார். முன்பு வட்டம் தோன்றிய அதிர்வெண்ணில் இப்போது மணல் அசையவில்லை. மேலே ஏற்றிக்கொண்டே போனபோதுதான் வட்டம் வந்தது. "தோலு ஏறிடுச்சுல்ல, நீயும் ஏத்தணும்" என்றார்.

இதெல்லாம் விளையாட்டு, அறிவியல் அன்று என்பாரும் உளர். அவர்கள் சர் சி.வி. இராமனை நினைத்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் சுரங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் எழும். மிருதங்கத்தின் வலப்பக்கத்திலோ அவை 1, 2, 3, 4, 5 என்று இசைந்து வருகின்றன. நடுவில் குழைத்துத் தேய்த்து ஏற்றிய கரிய வட்டத்தின் கனமே அதற்குக் காரணம் என்பதை இராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1930-களில் மீண்டும் அதை ஆராய்ந்தபோது அவரும் தோலின்மேல் மணலைத்தான் தூவினார். அந்தக் கரிய வட்டத்தை எந்தக் கணக்கும் எழுதாமல் காதால் சரிபார்த்து ஏற்றியவர்களின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இலண்டன் பல்கலைக்கழகத்துப் பி.எஸ்ஸி. பட்டதாரியான விபுலானந்த அடிகள், பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். பட்டம் பெற்ற துறையை அவர் யாழுக்காகக் கைவிடவில்லை. யாழுக்கே அதைப் பயன்படுத்தினார்.

நம் கல்லூரியிலோ முத்தமிழ் விழா ஒரு மாதம், அறிவியல் மன்ற விழா வேறொரு மாதம். முன்னதில் பாட்டும் கூத்தும். பின்னதில் ஆண்டுதோறும் தெர்மகோல் எரிமலை. கலையும் அறிவியலும் இரு கண்கள் என்று இரண்டு மேடையிலும் பேசுகிறோம். வண்ணம் பூசிய மாதிரிகளைக் கலை என்று நான் சொல்லவில்லை. கை செய்ய வேண்டும், காது கேட்க வேண்டும், அளவுகோல் அளக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேடிக்கையாகவோ ரெக்கார்டு நோட்டாகவோ போய்விடும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் கூறுவது எனக்குத் தெரியும். அது பொய்யும் அன்று. ஆகவே நான் கேட்பது பருவத்திற்கு ஒரே ஒரு பிற்பகல். தவிலோ, உடுக்கையோ, புல்லாங்குழலோ, தண்ணீர் ஊற்றிய எட்டுக் கிண்ணங்களோ, அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை நண்பர்களும் வரட்டும். விடை முன்கூட்டியே எழுதப்படாத ஒரு சோதனையை அன்று செய்வோம். செலவு? ஒரு படி மணலும் ஒரு கை மாவும்.

துறைத்தலைவர் ஐயாவிடம் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். அப்பாவிடமும் பறையைக் கேட்டேன். "காலேசுக்குள்ள கொண்டு போவலாமா?" என்று இரண்டு முறை கேட்டார். போகலாம் என்றேன். பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். இப்போது அது விடுதியில் என் பெட்டியின்மேல் இருக்கிறது. என்னவென்று கேட்கிறவர்களிடம் பறை என்றுதான் சொல்கிறேன்.