காரில் ஸ்டெப்னி எங்கே?

புதிய கார் வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்க்கிறார்கள். விலை பார்க்கிறார்கள். பின்கதவைத் திறந்து, "ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்கிறவர்கள் குறைவு.

கேட்டால், சில கார்களில் ஒரு சின்னப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். அதற்குள் பசை மருந்து ஒரு புட்டி. காற்று அடிக்கச் சிறு இயந்திரம் ஒன்று. அவ்வளவுதான். ஐந்தாவது சக்கரம் இருக்காது!

இது ஏமாற்று வேலை அல்ல. சட்டமே இடம் கொடுத்திருக்கிறது.

2020-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. 3.5 டன்னுக்கு மேற்படாத கார்களுக்கு இது பொருந்தும். டியூப் இல்லாத டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் ஒட்டும் சாமான் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்பதே அந்தத் திருத்தம். காரில் இடம் மிச்சம், எடை மிச்சம் என்று காரணம் சொன்னார்கள்.

காரணம் சரிதான். ஆனால் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு அது சரிப்படுமா?

பெயர் வந்த கதை

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர்! இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாடு இருக்கிறது. அங்கே லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு. 1904-ல் அந்த ஊரில் டேவிஸ் சகோதரர்கள் மோட்டார்களுக்கு மாற்றுச் சக்கரம் செய்தார்கள். அதற்குத் தெருவின் பெயரையே வைத்தார்கள். அந்த ஊரில் இன்று பலர் இதை மறந்திருக்கலாம். நம் ஊர் டிரைவர்கள் மறக்கவில்லை.

கல் லாரிகள் போகும் பாதை

பல கோடி ஆண்டுகளுக்கு முன் நம் இரண்டு மாவட்டங்களிலும் கடல் இருந்தது. சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் அந்தக் காலத்தது. அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் இருப்பதால் சிமெண்டு ஆலைகள். ஆலைகள் இருப்பதால் இரவு பகலாக லாரிகள்.

2018-ல் லாரிகள் ஏற்றக்கூடிய எடையையும் உயர்த்தினார்கள். மூன்று அச்சு உள்ள லாரி, பாரத்தோடு சேர்த்து முன்பு 25 டன் இருக்கலாம். இப்போது 28.5 டன் இருக்கலாம். எடை கூடினால் சாலை குழியாகிறது. குழியில் லாரி குதித்தால் கல் சிதறுகிறது.

ஆணி குத்தினால் டயரின் அடிப்பாகத்தில் சிறு ஓட்டை விழும். பசை மருந்து அதை அடைத்துவிடும். கூரான கல்லோ டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். அந்தக் கிழிசலைப் பசை அடைக்காது. எந்தப் பஞ்சர் கடைக்காரரும் அதை ஒட்டித்தர மாட்டார்; ஒட்டினாலும் நம்பக்கூடாது.

நகரத்தில் என்றால் போன் செய்தால் இழுவை வண்டி வரும். துறையூர் வழியாகக் கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். மலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவது வளைவில், பொழுது சாயும் நேரத்தில் டயர் கிழிந்தால்? கையில் ஒரு புட்டிப் பசை இருந்து என்ன பயன்?

ஆகையால் கார் வாங்கும்போதே முழு அளவு ஸ்டெப்னி கிடைக்குமா, வைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். கூடுதல் பணம் ஆகும். ஆகட்டும். சில கார்களில் ஒல்லியான ஸ்டெப்னி கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு பெரும்பாலும் 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக்கூடாது. அடுத்த ஊர் வரைக்கும்தான் அது.

டயரில் எழுதியிருப்பது

டயர் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். எழுத்தைப் படியுங்கள். ஒரு ஓரத்தில் நான்கு எண்கள் இருக்கும். 2421 என்றால், 2021-ம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. நாரணமங்கலத்திலேயே எம்.ஆர்.எப். டயர் ஆலை இருக்கிறது. பக்கத்திலேயே ஆலை இருப்பதால் கடையில் இருப்பதெல்லாம் புதிய டயர் என்று ஆகிவிடாது. தேதியைக் காட்டச் சொல்லுங்கள்.

88 எச் என்று எழுதியிருந்தால், அந்த டயர் 560 கிலோ தாங்கும். 210 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். வேகத்தை விடுங்கள், நமக்கு வேண்டாம். எடைதான் முக்கியம். பழைய டயரைவிடக் குறைந்த எண் உள்ளதை வாங்காதீர்கள். ஐந்து பேர், மூட்டை முடிச்சு, குடம், அரிசி எல்லாம் ஏற்றுவது நாம்தானே!

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால், பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். அதற்கும் கீழே போனால் சட்டப்படி அந்த டயரில் காரை ஓட்டக்கூடாது.

சக்கரத்திலும் மோகம் வேண்டாம். பெரிய அலாய் சக்கரம், மெல்லிய டயர் என்று மாற்றுகிறார்கள் இளைஞர்கள். பார்க்க அழகுதான். குழியில் இடித்தால் அலாய் விரிசல் விடலாம். இரும்புச் சக்கரம் வளையும். பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடலாம்.

இன்னொரு தவறான எண்ணம். "வெயிலில் காற்று பெருகும், கொஞ்சம் குறைத்து வை" என்பார்கள். காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கி நசுங்கி எழும். அதனால்தான் சூடேறுகிறது. நான்குவழிச் சாலையில் சித்திரை வெயிலில் வெடிப்பது அப்படிப்பட்ட டயர்தான். எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அந்த அளவுக்கு அடியுங்கள்.

ஸ்டெப்னிக்கும் காற்று அடிக்க வேண்டும். நான்கு டயருக்கும் அடித்துவிட்டு அதை மறப்பது வழக்கம். புறப்படுவதற்கு முதல்நாள் வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். வீட்டு அம்மாவும் பார்க்கட்டும். துருப்பிடித்த நட்டு எது, பொருந்தாத ஸ்பானர் எது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.