மாடலைக் காப்பி அடித்தால் ரூ.50 ஆயிரம்தான் அபராதம்! பட்டறைக்காரர்கள் உஷாராக இருப்பது எப்படி?

கோவை: கிரைண்டரோ, அடுப்போ, பாத்திரமோ... புது மாடல் ஒன்று கடையில் சூடு பிடித்தால் போதும். கொஞ்ச நாளிலேயே அதே உருவத்தில் டூப்ளிகேட் வந்து நிற்கிறது. விலையும் கம்மி. ஒரிஜினல் பட்டறைக்கு ஆர்டர் குறையும். முதலில் ஓவர்டைம் போகும், அப்புறம் வேலையே போகும்.

இதைத் தடுக்க சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு டிசைன் சட்டம், 2001 மே மாதம் முதல் அமலில் இருக்கிறது. பொருளின் உருவம், மேலே உள்ள கோலம், வண்ணச் சேர்க்கை ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். 10 ஆண்டு பாதுகாப்பு. பணம் கட்டி நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு மட்டும்தான் இது. உள்ளே மோட்டார் ஓடும் விதத்துக்குக் கிடையாது.

கோட்டை விடும் இடம்

பலர் சரக்கை விற்றுவிட்டு, போட்டி வந்த பிறகுதான் பதிவுக்கு ஓடுகிறார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிடும். விண்ணப்பம் போடும் முன்பே படம் நோட்டீசிலோ வாட்ஸ்அப்பிலோ ஊர் சுற்றியிருந்தால், ‘இது புதுசே இல்லை’ என்று எதிராளி பதிவையே ரத்து செய்யக் கேட்கலாம். பொருளில் பதிவு எண் போடாமல் விற்றால், நஷ்டஈடு வாங்குவதும் சிக்கல்தான்.

போலீஸ் வராது

காப்பி அடித்தவர் மீது ஸ்டேஷனில் புகார் கொடுத்துப் பயனில்லை. இது சிவில் விவகாரம். மாவட்ட கோர்ட்டுக்குக் கீழே வழக்குப் போட முடியாது. ஒவ்வொரு மீறலுக்கும் ரூ.25 ஆயிரம் வரை கேட்கலாம். ஆனால் ஒரு டிசைனுக்கு மொத்தமே ரூ.50 ஆயிரம்தான். ஆயிரக்கணக்கில் பீஸ் தள்ளுபவருக்கு இது சுண்டைக்காய்!

அதனால் அபராதத்தை நம்பாமல், நஷ்டஈடும் தடை உத்தரவும் கேட்பதுதான் புத்திசாலித்தனம். வாஷிங் மெஷின் வடிவத்தைக் காப்பி அடித்ததாக வீடியோகான் மீது வேர்ல்பூல் போட்ட வழக்கில், 2014-ல் மும்பை ஐகோர்ட் தடை விதித்தது. ‘நாங்களும் டிசைன் பதிவு செய்திருக்கிறோம்’ என்ற வீடியோகானின் வாதம் அங்கே எடுபடவில்லை.

பெரிய கம்பெனிக்கு வக்கீல் செலவு பொருட்டல்ல. சின்னப் பட்டறைக்கு அப்படியா? பதிவே செல்லாது என்று எதிராளி வாதிட்டால், வழக்கு ஐகோர்ட்டுக்குப் போய்விடும். அலைச்சலுக்குப் பயந்தே பலர் ஒதுங்கிவிடுவார்கள். டூப்ளிகேட் போடுபவருக்குத் தைரியம் தருவதும் இதுதான்.

என்ன செய்யலாம்?

தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் விண்ணப்பக் கட்டணம் ரூ.1,000-தான். ஆன்லைனில் போடலாம், சென்னை கிண்டி அலுவலகத்திலும் கொடுக்கலாம். பரிசீலனை நடப்பது கொல்கத்தாவில். டை வெட்ட ஆகும் செலவுக்கு முன்னால் இந்தப் பணம் ஒன்றுமே இல்லை. சாம்பிளை டீலரிடம் காட்டும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பட்டறைக்காரர் செய்ய வேண்டியது இது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 2000-ல் எழுதிய அபராதத் தொகையை இத்தனை ஆண்டு கழித்தும் அப்படியே வைத்திருந்தால், திருடுகிறவனுக்கு அது தண்டனை இல்லை... வாடகை!