மலையை வாடகைக்கு விடும் ஹோட்டல்கள்

கொடைக்கானலில் புதிதாக ஒரு ரிசார்ட் திறந்தால் விளம்பரத்தில் முதலில் வருவது 'வியூ'. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் அறைக்கு ஒரு வாடகை. அடுத்த கட்டடத்தின் சுவர் மட்டும் தெரியும் அறைக்கு ஒரு வாடகை. கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் ஒன்றுதான். ஆக, கூடுதல் பணம் எதற்கு? மலைக்கு! ஆனால் எந்த ஹோட்டலின் கணக்குப் புத்தகத்திலும் மலையின் பெயரில் ஒரு பைசா வரவு வைக்கப்படுவதில்லை.

காமர்ஸ் படிக்கிற யாருக்கும் அடுத்த கணக்கு சுலபம். இடம் குறைவு, விலை அதிகம். ஒரு மாடி ஏற்றினால் இன்னும் பத்து 'வியூ' அறைகள். மலைச்சரிவில் அந்த மாடிக்கு வேறு ஒரு விலை உண்டு. சரிவை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். வெட்டிய மண்ணின் பிடிமானம் போகும். மழைத்தண்ணீர் வழக்கமான வழியை விட்டுப் புதுவழி தேடும். கீழே இருக்கும் வீட்டுக்காரர் தலையில்தான் அது விடியும். முதல் வரிசை ஹோட்டல் உயர்ந்தால் பின்வரிசைக்கு 'வியூ'வும் போச்சு. பிறகு அவரும் உயர்த்துவார். கடைசியில் எல்லா ஜன்னலிலும் சிமெண்ட்தான் தெரியும்.

இது கற்பனை இல்லை. பிளசன்ட் ஸ்டே ஹோட்டலைப் பலரும் மறந்திருக்கலாம். கொடைக்கானலில் விதியை மீறி ஏழு மாடியாக எழுந்த கட்டடம் அது. 1994-ல் அதற்கு விலக்கு கொடுத்து அரசாணை வந்தது. பழநி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. 1995-ல் உச்ச நீதிமன்றமும் ஹோட்டலின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

கதை அங்கே முடியவில்லை. அந்த விலக்கு தொடர்பான குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தது. (2001-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.) தீர்ப்பு வந்த அன்றே தர்மபுரி அருகே ஒரு கல்லூரிப் பேருந்து கொளுத்தப்பட்டது. கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிய கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். கொளுத்தியவர்கள் செய்த கொலை அது, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அந்த ஹோட்டலுக்கும் அந்த மூவருக்கும் என்ன சம்பந்தம்? விதிக்கு ஒரு விலக்கு கொடுத்தால் அதன் பில் யார் வீட்டுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

"டூரிஸம் வளர்ந்தால் ஊருக்குத்தானே லாபம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிரைவர், சமையல்காரர், பழக்கடை அம்மா என்று பலருக்கும் அதில்தான் சோறு. அதனால்தான் மலை கெடக் கூடாது. சோலைக்காடும் புல்வெளியும் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் பழநிப் பக்கத்து பாலாறு-பொருந்தலாறு அணைக்கும் இறங்குகிறது. மேலே காடு போனால் கீழே வயலும் போகும்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. நல்லதுதான். ஆனால் இ-பாஸ் வண்டிகளை எண்ணும், மாடிகளை எண்ணாது. அதை எண்ண வேண்டியது அனுமதி கொடுப்பவரும், ரூம் புக் செய்பவரும்.

அடுத்த முறை புது ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் லாபியில் போட்டோ எடுக்கும் முன் வெளியே வந்து பார்க்கட்டும். கட்டடம் சரிவோடு படிப்படியாக இறங்குகிறதா, சரிவை வெட்டி நிமிர்ந்து நிற்கிறதா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? பதில் சரியில்லை என்றால் அந்த 'வியூ'வுக்குப் பணம் கொடுக்காமல் வருவதே மலைக்குச் செய்யும் மரியாதை.