மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

“ஒழுங்கா படி. இல்லேன்னா பெரியப்பா மாதிரி கையில மிஞாக் ஈத்தாமோட நிக்கணும்.”

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது அப்பா என்னிடம் சொன்னது இது. கணிதத்தில் 58 புள்ளி எடுத்திருந்தேன். பெரியப்பா அந்த நேரம் எங்கள் வீட்டு வாசலில், எங்கள் காடிக்கு அடியில்தான் மல்லாந்து படுத்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். “தம்பி, அந்த 12-ஆம் நம்பர் ஸ்பேனர எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். வேலையை முடித்துவிட்டு, கூலி வாங்காமல் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவில் கேட்காமல் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? பட்டறை என்பது நம் வீடுகளில் ஒரு மிரட்டல். நானும் அந்த மிரட்டலுக்குப் பயந்து படித்தவன்தான். தமிழ்ப்பள்ளி முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளி முடித்து இங்கே வந்துவிட்டேன். ஆனால், கடந்த இரண்டு ஆண்டுகளாக விடுமுறை கிடைத்தால் கையில் மிஞாக் ஈத்தாமோடுதான் நிற்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கட்டுரை என்றால் ‘மகிழுந்து’ என்று எழுத வேண்டும் என்று ஆசிரியை கற்றுக் கொடுத்தார். பெரியப்பாவுக்கு அது காடி. அவருடைய காடியைப் பற்றி எழுதுவதால் நானும் காடி என்றே எழுதுகிறேன். மலர்க்குழுவினர் திருத்தாமல் விடுவார்களாக.

அது 1974-ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா. டி.ஏ. 22 என்று சொன்னால் பழைய காடிப் பிரியர்களுக்குப் புரியும். 1970 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த வகை. வானம் சார்ந்தது என்று பொருள்படும் பெயர்; இரண்டே கதவு, நீண்ட முன்பக்கம். உள்ளே 1588 சி.சி. 2டி எஞ்சின். பெரியப்பா 1988-இல் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்துக் கிராணியிடமிருந்து வாங்கினார். பகலெல்லாம் பட்டறையில் அடுத்தவர் காடி, இரவில் தன் காடி என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை ஓட வைத்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், பேசுகிறார். வலது கை மட்டும் ஸ்பேனரைப் பிடிக்க மறுக்கிறது.

அதற்குப் பிறகு சாவி என் கைக்கு வந்தது. என் கையில் வந்த முதல் மாதமே காடி படுத்துவிட்டது.

கோளாறு விசித்திரமானது. காலையில் ஒரே திருகில் எஞ்சின் பிடிக்கும். அரை மணி நேரம் ஓடினால், வெயிலில் திக்கித் திக்கி நின்றுவிடும். இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் ஓடும். கோலகங்சார் சாலையில் மூன்று முறை நின்றேன். ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். இன்னொரு பட்டறையில் கார்புரேட்டரின் உள்சாமான்கள் முழுவதையும் மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினேன். கல்விக் கடனில் 600 ரிங்கிட்டுக்கு மேல் கரைந்தது. மூன்றாவது இடத்தில் ஓர் இளைஞர் பெருமூச்சு விட்டு, “இந்த எஞ்சின தூக்கிப் போடுங்க பாஸ், ஹாப் கட் ஒண்ணு இறக்கிடலாம்” என்றார். ஜப்பானில் கழித்த காடியைப் பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து, அதன் எஞ்சினைப் பிடுங்கி இதில் வைப்பது. நம் நாட்டில் எந்தப் பழைய காடிக்கும் கடைசியாகச் சொல்லப்படும் வைத்தியம் அதுதான்.

வெட்கத்தோடு பெரியப்பாவிடம் போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“நிக்கறப்போ நெருப்பு பாத்தியா?”

பார்க்கவில்லை. மூன்று பட்டறையிலும் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நிற்கும்வரை ஓட்டினேன். நின்றதும் ஒரு பிளக் வயரைக் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த பழைய பிளக்கில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பைத் தொடும்படி வைக்கச் சொன்னார். சாவியைத் திருகியது அவர், இடது கையால். நல்ல நெருப்பு நீலமாக, சடக்கென்று பாயும். அங்கே வந்தது மெலிந்த மஞ்சள் இழை. “பெட்ரோல் மேல குத்தம் இல்ல. மூடியத் தொற” என்றார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தால், பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. “கண்டென்சர் செத்துடுச்சி.”

இது ஏன் என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும் காயிலில் மின்சாரம் அறுபடுகிறது. அந்த அறுபடலில்தான் பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்தம் பிறக்கிறது. அறுபடும் கணத்தில் பாயிண்டின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும் மின்சாரத்தைக் கண்டென்சர் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் பாயிண்ட் கருகும், பிளக்கில் நெருப்பு மெலியும். பழசான கண்டென்சர் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும். சூடேறினால் உள்ளே கசியும். அரை மணி நேரக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. விலை கொடுத்து வாங்கினாலும் சில ரிங்கிட்தான். பெரியப்பா அதையும் வாங்க விடவில்லை. கொட்டகையில் இருந்த மைலோ டின்னிலிருந்து, என்றோ கழற்றி வைத்த நல்ல கண்டென்சர் ஒன்றைத் தேடி எடுக்கச் சொன்னார். பாயிண்டைத் தேய்த்துச் சமன் செய்து, இடைவெளியை 0.45 மில்லிமீட்டரில் வைத்தேன். அளவுத் தகடு இல்லாத ஒரு காலத்தில் அவர் நடுவழியில் கல்யாணப் பத்திரிகை அட்டையை மடிக்காமல் நுழைத்து அளந்தாராம். அதற்குப் பிறகு வண்டி அந்தச் சாலையில் ஒரு முறைகூட நிற்கவில்லை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு. பழுது பார்ப்பதில் பாதிக்கு மேல் தலையால் செய்யும் வேலை. எது கெடவில்லை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவதைத் தொடுவது. ஆய்வுக்கூடத்தில் விரிவுரையாளர் நமக்குப் பக்கம் பக்கமாகக் கற்றுத் தரும் முறைதான் இது. ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்ட ஒருவர் அதை ஒரே கேள்வியில் செய்து காட்டினார். அவரைக் காட்டித்தான் என்னைப் பயமுறுத்தினார்கள்.

என் அறைத் தோழன் இயந்திரவியல் மாணவன். அவன் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. “டொயோட்டாவே பழைய காடியில எஞ்சின மாத்துறான், உனக்கென்ன?” என்றான். 2023 ஜனவரியில் தோக்கியோ ஆட்டோ சலூன் கண்காட்சியில் டொயோட்டா இரண்டு ஏ.இ. 86 காடிகளை வைத்தது உண்மை. ஒன்று மின்கலத்தில் ஓடுவது, மற்றது ஹைட்ரஜனில் ஓடுவது. ஆனால், ஹைட்ரஜன் காடியில் பழைய 4ஏ-ஜி.இ. எஞ்சினையே வைத்துக்கொண்டு, எரிபொருள் செலுத்தும் பாகம், குழாய், பிளக் போன்றவற்றைத்தான் மாற்றினார்கள். அதோடு, 2017-இல் நிஸ்ஸான் தன் ஆர் 32 ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்கு நின்றுபோன பாகங்களை மறுபடியும் விற்கத் தொடங்கியது. 2020-இல் டொயோட்டா 2000 ஜி.டி.க்கும் பழைய சூப்ராவுக்கும் அதையே செய்தது. அடுத்த ஆண்டு ஏ.இ. 86-க்கு பின் பிரேக் காலிப்பரும் ஸ்டியரிங் நக்கிள் கையும் அறிவித்தது. செய்த கம்பெனிக்கே பழையதைப் பழுது பார்ப்பவன் வேண்டியிருக்கிறது.

இதற்காக எல்லாவற்றையும் பழசாகவே வைத்திரு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பிளாக் வெடித்துவிட்டால் வேறு எஞ்சின் வைப்பதைத் தவிர வழியில்லை; வைத்துவிட்டு முறையாகப் பரிசோதனைக்குக் காட்டி, ஜே.பி.ஜே.யில் எஞ்சின் எண்ணை மாற்றிப் பதிந்துகொள்ள வேண்டும். பிரேக் ஹோஸ், டயர் இரண்டிலும் பாசத்துக்கு இடமே இல்லை. ரப்பர் ஹோஸ் வெளியே புதிதாகத் தெரியும், உள்ளே ஊதி அடைத்திருக்கும்; மிதித்த பிரேக் விடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து ஆண்டு பழைய டயரில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் பெரியப்பா திட்டுவார். துருவைப் புட்டி பூசி மறைப்பவர்களை அதைவிட மோசமாகத் திட்டுவார். (அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். புட்டியில் காந்தம் ஒட்டாது.)

எனக்குப் பெரிய கவலை வேறு. பெரியப்பா தெரிந்து வைத்திருப்பது எதுவும் எங்கும் எழுதப்படவில்லை. நான் கார்புரேட்டர் என்ற சொல்லையே மலாய்ப் பாடத்தில்தான் முதலில் படித்தேன். காடியின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால், கோளாறு கண்டுபிடிக்கும் மொழி அவரிடம் தமிழில் இருக்கிறது. ‘திக்குது’ என்றால் நெருப்பில் குறை. ‘இருமுது’ என்றால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடிக்கிறது. ‘இழுவை இல்ல’ என்றால் முதலில் பாயிண்ட் இடைவெளியைப் பார். அதன் குதி தேயத் தேய இடைவெளி குறுகி, நெருப்பு தாமதமாக விழும். நெருப்பு விழும் வரிசை ‘ஒண்ணு மூணு நாலு ரெண்டு’ என்பதை அவர் வாய்ப்பாடு போலச் சொல்வார். இப்படி நாற்பதுக்கு மேற்பட்ட சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கலைச்சொல் கருத்தரங்குக்கு நாம் தாள் தாளாகக் கட்டுரை எழுதுகிறோம். எந்தக் கருத்தரங்குக்கும் ஒரு பொமனை அழைத்ததாக எனக்கு நினைவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்தால், அடுத்த விடுமுறையில் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். என் பெரியப்பாவின் கை நன்றாக இருந்த காலத்தில் நான் உட்காரவில்லை. காது வைத்தே கார்புரேட்டரைச் சரி செய்வாரே, அந்தத் திருகலை அவரால் வாயால் சொல்லித்தர முடியவில்லை. “கைக்குத் தெரியும்டா” என்கிறார்.

கடந்த ஆண்டு கோலாலம்பூரிலிருந்து ஒருவர் காடியைப் பார்க்க வந்தார். காந்தத்தை அவரே கொண்டுவந்திருந்தார். நல்ல விலை சொன்னார். உடம்பு மட்டும் போதும், எஞ்சின் வேண்டாம், ஹாப் கட் போட்டுக்கொள்கிறேன் என்றார். அப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம். பெரியப்பாவின் மருந்துச் செலவு அவருக்குத்தான் தெரியும். நான் கூடாது என்று சத்தம் போட்டேன். பெரியப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னிடம், “நீ ஓட்டுறதா இருந்தா வச்சிக்க. துணி போட்டு மூடி வைக்கறதா இருந்தா அவருக்கே குடுத்துடு. ஓடாத காடி ஓடுற காடிய விட சீக்கிரம் கெட்டுடும்” என்றார்.

உண்மைதான். நிற்கும் காடியில் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும், ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும், மூடிய துணிக்குள் ஈரம் தங்கித் துரு ஏறும்.

வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சாலை வரி ஆண்டுக்கு 90 ரிங்கிட், அது என் பொறுப்பு. மாதம் இரண்டு முறையாவது ஊருக்குப் போய் கோலகங்சார் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். பெரியப்பா பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வருவார். இந்தத் தவணை விடுமுறையில் முன் பிரேக் ஹோஸ் இரண்டையும் மாற்ற வேண்டும். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், நான் அடியில் படுப்பேன். ஸ்பேனர் எடுத்துத் தர ஆள் வேண்டும் என்றதும் அப்பா தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எது எத்தனையாம் நம்பர் என்று அவருக்கு முதலில் காட்டிக் கொடுக்க வேண்டும்.