வீட்டுப் பிள்ளைக்குச் சேமலாப நிதி இல்லையா?



யாழ்ப்பாணம், வவுனியா போன்ற நகரங்களின் புடைவைக் கடைகளில் காலை முதல் இருட்டும்வரை நின்று வேலை செய்யும் பெண்களில் போரில் கணவனை இழந்தவர்களும் பலர். அவர்களோடு கதைக்கும்போதெல்லாம் நான் தவறாமல் கேட்பது, “உங்களுக்கு ஈ.பி.எப். கட்டுகிறார்களா?” என்பதே.

அண்மையில் ஒரு தங்கை சொன்னார்: “இல்லை அக்கா. முதலாளி என்னை வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் பார்க்கிறார். கேட்டால் குறை நினைப்பார்.” ஒன்பது வருடமாக அந்தக் கடையில் நிற்கிறார். நியமனக் கடிதமும் இல்லை. அங்கே கணக்கு எழுதும் ஆணுக்கு மட்டும் சேமலாப நிதி இலக்கம் உண்டு. அவரை யாரும் வீட்டுப் பிள்ளை என்பதில்லைப் போலும்!

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தில் ஆண், பெண் என்ற பாகுபாடு இல்லை. நிரந்தரமோ தற்காலிகமோ, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. குடும்பத்தவர் மட்டுமே வேலை செய்யும் தொழிலுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளை அந்தக் குடும்பத்தில் சேரமாட்டாள்.

கணக்கைப் பாருங்கள். சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழிக்கலாம். முதலாளி தன் பணத்திலிருந்து 12 வீதமாக 3,600 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் அவரே 3 வீதம், 900 ரூபா கட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் 6,900 ரூபா. வருடத்துக்கு 82,800 ரூபா. சில இடங்களில் முதலாளியின் 12 வீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலேயே வெட்டுகிறார்கள். அது சட்டவிரோதம். சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். ஆண்களுக்கு 55 வயது. பிள்ளைகளின் கையை எதிர்பார்க்காமல் இருக்க அந்த வயதில் இதைவிட வேறென்ன இருக்கிறது நமக்கு?

“கடிதமே இல்லை, எதைக் காட்டுவது?” என்று அந்தத் தங்கை கேட்டார். நியமன விபரங்களை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. தராதது உங்கள் குற்றமல்ல. சம்பளத் துண்டு, வங்கிப் புத்தகம், வரவுப் பதிவு, கடையின் சீருடையோடு எடுத்த படம், கூட வேலை செய்தவரின் சாட்சி, இவற்றில் இருப்பதைச் சேருங்கள். மாவட்ட தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். முதலாளி கட்டாத நிலுவையை மேலதிகக் கட்டணத்தோடு அறவிடவும், மறுத்தால் நீதவான் நீதிமன்றம் வரை கொண்டு போகவும் தொழில் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு.

வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. தனியாகப் போவதைவிட, ஒரே கடையில் நிற்கும் நாலைந்து பேர் சேர்ந்து போவது நல்லது. அந்தத் தங்கை இப்போது தன் பழைய சம்பளத் துண்டுகளைத் தேடி எடுத்திருக்கிறார். கூட வர இன்னும் இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.